துறையில்லாக் கரை: பேரணாம்பட்டுத் தோலும் பாய்மரங்களுக்கான இடமும்

பேரணாம்பட்டில் ஆவாரம்பட்டைச் சாறில் பதமான தோல் லண்டன் ஏலத்தில் என்ன விலைக்குப் போனாலும், அதில் ஒரு பங்கு ஏற்கெனவே சென்னைக் கடற்கரையில் படகுக் கூலியாகக் கரைந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதுதான் நிலைமை. ஆந்திர எல்லை மலைகளின் அடிவாரத்தில், கடலிலிருந்து சாலைவழி 180 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கும் ஊர் அது. ஆனாலும் அதன் வியாபாரம் கப்பல் நிற்கும் இடத்தை நம்பியிருந்தது. சென்னையிலோ அப்படி ஓர் இடமே இல்லை.

1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட இடம் வாங்கிய கரை, கப்பலுக்கு ஏற்ற கரையன்று. வளைகுடா கிடையாது, மறைப்புத் தீவு கிடையாது. கூவமும் அடையாறும் கடலில் சேரும் இடங்களை வருடத்தில் பல மாதம் மணல்மேடு அடைத்துக்கொள்ளும். கடற்கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓயாமல் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். கரைக்குச் சற்று முன்னால் அலைகள் வரிசை வரிசையாக உடையும். ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல் எதுவும் அந்த வரிசையைத் தாண்டி வந்ததில்லை. கரையிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். நங்கூரமிடுவது பெரிய செலவல்ல. அங்கிருந்து கரைக்கு வருவதில்தான் செலவெல்லாம்.

அந்த இடைவெளியைக் கடந்தவை மசூலாப் படகும் கட்டுமரமும். மசூலாவில் ஆணி கிடையாது. மெல்லிய பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இடையில் வைக்கோல் அடைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் சேர்ப்பார்கள். மணலில் மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். உள்ளே கசியும் தண்ணீரை ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துடுப்பு என்பது நீண்ட கழி ஒன்றின் நுனியில் கட்டிய பலகைத் துண்டு. பின்னால் நின்று திசை திருப்புபவர் அலையின் முதுகைப் பார்த்துக் குரல் கொடுப்பார்; அந்தக் குரலுக்குத்தான் மற்றவர்கள் வலிப்பார்கள். பொதி ஏற்றிய மசூலாவுக்குப் பக்கத்தில் கட்டுமரம் ஒன்று துணைக்கு வருவதும் உண்டு. படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்குவது அதன் வேலை. ஆளை மீட்ட கட்டுமரக்காரர்களுக்கு அரசாங்கம் பதக்கம் கொடுத்திருக்கிறது. மசூலா போக முடியாத கொந்தளிப்பிலும் கப்பலுக்குக் கடிதம் கொண்டு போனவர்கள் இவர்கள்தான். தலையில் கட்டிய ஓலைத் தொப்பிக்குள் கடிதம் நனையாமல் இருக்கும்.

இந்த இரண்டுக்கும் துறை தேவையில்லை என்பதே இந்தக் கரையின் தனிச்சிறப்பு. மசூலாவை இழுத்து மணலில் ஏற்றிவிடலாம். கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்துக் கட்டை கட்டையாகப் பிரித்து வெயிலில் உலர்த்தலாம். கப்பல் நிறுத்த இடமில்லாத கரையில், நிறுத்த இடமே கேட்காத படகை மீனவர்கள் பல தலைமுறையாகச் செய்துவந்தார்கள். ஐரோப்பியப் பொறியாளர்கள் இந்தத் தீர்வைப் பின்தங்கிய ஒன்றாகவே எழுதினார்கள். அவர்கள் கடலில் இறக்கிய இரும்பும் கல்லும் பட்ட பாட்டைப் பார்க்கும்போது, அந்தக் கணிப்பு சற்று அவசரமானது என்றே தோன்றும்.

வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் நங்கூரமிட்ட பாய்க்கப்பலுக்கு ஆபத்து. காற்று கரையை நோக்கி வீசும். நங்கூரக் கயிறு அறுந்தால் தப்ப வழியில்லை. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனேயின் கப்பல்கள் அடுத்த மாதமே புயலில் சிக்கிச் சிதறின. இதனால் அக்டோபர் நடுவில் கப்பல்கள் கிளம்பிவிட வேண்டும், டிசம்பர் நடுவுக்குப் பிறகே திரும்ப வேண்டும் என்பது நடைமுறையாக இருந்தது. ஆண்டில் இரண்டு மாதம் இந்தத் துறைக்கே விடுமுறை. வியாபாரிக்கு அந்த இரண்டு மாதமும் சரக்கு கிடங்கில் தேங்கும் காலம்.

இந்தக் கரைக்கு உள்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த சரக்குகளில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோல் முக்கியமானது. ஆவாரம்பட்டை முறையைச் சீர்படுத்திப் பரப்பியவர் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த டி சூசா என்ற யுரேசியர் என்று தோல் தொழிலைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பச்சைத் தோலை ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் நீக்கி, சதை சீவி, பட்டைச் சாறில் பல நாள் மாற்றி மாற்றி ஊறவைப்பார்கள். பிறகு கடுக்காய்ச் சாறு, கடைசியாக எண்ணெய். வெளிர் நிறத்தில் மிருதுவாக வரும் இந்த அரைப்பதத் தோல், உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் விற்றது. இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் அதற்குச் சாயம் ஏற்றி, மெருகிட்டுக் காலணியாக்கினார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இந்தத் தொழிலை நடத்தியவர்களில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம் குடும்பத்தினர். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர்.

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1862-க்குள் அந்தப் பாதை மேற்குக் கரையின் பேப்பூர் வரை நீண்டது. குடியாத்தமும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அந்தப் பாதையில் விழுந்தன, பேரணாம்பட்டு விழவில்லை. அங்கே கட்டிய பொதிகள் மாட்டு வண்டியில் ரயிலடி வரை வந்து, அங்கிருந்து சென்னைக்குப் போயின. சென்னையில் பெரியமேடுதான் தோல் மண்டி. அங்கே தோலை எடைபோட்டு, தரம் பிரித்து, ஏற்றுமதிக் கம்பெனிகள் வாங்கின. பொதி அங்கிருந்து கடற்கரைக்குப் போகும்போது முழு விலையும் அதில் ஏறிவிட்டது. இனி அது நனையக்கூடாது. உப்புத் தண்ணீர் பட்ட அரைப்பதத் தோலில் கறை படியும். ஈரம் உள்ளே தங்கிவிட்டால் கப்பலில் போகும் வழியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். பேரணாம்பட்டிலிருந்து கடல் வரை வந்த நீண்ட பயணத்தில், மசூலாவில் போகும் கடைசி மைல்தான் அந்தப் பொதிக்கு மோசமான இடம்.

சென்னை வணிகர்கள் பலகாலம் கேட்டுவந்த பாலம் 1861-இல் முடிந்தது. கடலுக்குள் ஏறத்தாழ 335 மீட்டர் நீண்ட இரும்புப் பாலம் அது. திருகாணி போன்ற அடியுள்ள தூண்களைக் கடலடி மணலில் முறுக்கி இறக்கி எழுப்பினார்கள். கப்பல்கள் அதன் அருகில் வந்து நிற்கவில்லை. அலை உடையும் வரிசைக்கு அப்பால் படகிலிருந்து பொதியைத் தூக்கி ஏற்றவும் இறக்கவும் மட்டுமே அது உதவியது. 1868-இல் புயலில் நங்கூரம் இழந்த கப்பல் ஒன்று அதன் மேல் மோதியது. 1872-இன் புயல் மீண்டும் உடைத்தது.

அடுத்த முயற்சி துறைமுகமே. வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டம், இரண்டு கல் கைகளைக் கடலுக்குள் நீட்டி, கிழக்கே ஒரு வாய் மட்டும் விட்டு நடுவில் அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்குவது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் அடிக்கல் நாட்டினார். கைகள் ஏறக்குறைய முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைச் சரித்துவிட்டது. கட்டியதை எடுத்து மறுபடி கட்ட 1890-களின் நடுப்பகுதி ஆனது. இதற்குள் சூயஸ் கால்வாய் திறந்து கால் நூற்றாண்டாகி, சென்னைக்கு வந்த பெரிய சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவை நீராவிக்கு மாறிவிட்டன. பாய்க்கப்பல்களை எண்ணிப் போட்ட திட்டம், அவை அருகிப்போன காலத்தில் நிறைவேறியது.

துறைமுகம் வந்தும் படகுக் கூலி உடனே போகவில்லை. ஆரம்பத்தில் உள்ளே கப்பல் அணையும் கட்டைச்சுவர் இல்லை. கப்பல்கள் மிதவைகளில் கட்டி நின்றன, பொதி மசூலாவிலேயே போய்வந்தது. அலைக்குப் பதில் அமைதியான தண்ணீர் கிடைத்தது, அவ்வளவே. கிழக்கு வாய் வேறு தொல்லை கொடுத்தது. தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குக் கையில் தேங்கி, வளைந்து வாய்க்குள் புகுந்தது. அந்தத் தேக்கம் சென்னைக்கு அகன்ற மெரினா மணற்பரப்பைத் தந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்தது. அந்த அரிப்பு இன்னும் நிற்கவில்லை. துறைமுகத்தின் செலவில் ஒரு பகுதியை வடசென்னை மீனவர் குப்பங்கள் தங்கள் வீட்டு மண்ணால் கட்டின என்று சொல்வது மிகையாகாது.

1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் நிலைமையை மாற்றினார். கிழக்கு வாயை அடைத்து, வடகிழக்கில் புது வாய் திறந்தார். 1905-இல் துறைமுகப் பொறுப்புக் கழகம் அமைந்தது. 1910-களில் கப்பல் நேராக வந்து அணையும் சுவர்களும் கிடங்குகளும் ரயில் தடங்களும் வந்தன. பேரணாம்பட்டுப் பொதி கப்பலில் ஏறும்வரை கடல் தண்ணீரைப் பார்க்காமல் போகத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அந்த அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச ராமானுஜனுக்கு ஸ்பிரிங் உதவியது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது இன்னொன்று: சென்னைத் துறைமுகத்தில் சிறு பாய்ப்படகுக்கு நிலையான இடம் கிடைத்ததும் அவரால்தான்.

1911-இல் அவர் தொடங்கிய படகுச் சங்கம் பின்னால் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் ஆயிற்று. மரம் மிதக்கவிட்டு வைத்த குளத்தை ஒட்டிய துறைமுக மூலை அதற்குக் கிடைத்தது. அந்த மூலைக்கு இப்போதும் ஸ்பிரிங்ஹேவன் வார்ஃப் என்றே பெயர். துறைமுகத் தலைவரே படகுப் பிரியராக இருந்ததால்தான் சரக்கு ஏற்றாத, வருமானம் தராத பாய்ப்படகுக்கு விலையுயர்ந்த நீர்ப்பரப்பில் ஒரு மூலை ஒதுங்கியது. சட்டமும் ஒரு விதத்தில் இரக்கம் காட்டியது. 1908-ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டம் உல்லாசப் பாய்ப்படகுக்குத் துறைமுக வரியிலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் வரி விலக்கு வேறு, நிற்க இடம் வேறு. இடத்தைச் சட்டம் கொடுக்காது. துறைமுகத்தின் தலைமையில் இருப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

துறைமுகத்தில் இடம் கிடைக்காத பாய்ப்படகுகளுக்கு சென்னையில் இன்னொரு துறை இருந்தது. கடலை ஒட்டி உள்ளே ஓடிய உப்புநீர்க் கால்வாய்தான் அது. பாசில் காக்ரேன் என்ற வணிகர் பணத்தில் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட அந்தக் கால்வாய் பின்னர் வடக்கே ஆந்திராவுக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பல பகுதிகள் வெட்டப்பட்டு, ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைப் பெற்றது. காற்று அனுகூலமாக இருந்தால் பாயும், இல்லாவிட்டால் கரையில் நடந்துகொண்டே கயிறு இழுக்கும் ஆளும் படகை நகர்த்தினார்கள். விறகும் உப்பும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் அதில் வந்தன. பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் இருக்கும் பேசின், இந்தப் படகுகள் ஒதுங்கிச் சரக்கு இறக்கிய குளம்தான். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் ரயில் சந்திப்பு மட்டுமே நினைவுக்கு வருகிறது. 1960-களின் நடுப்பகுதிப் புயல்களும் கழிவுநீரும் பராமரிப்பின்மையும் கால்வாயைப் படகு போகாததாக்கின. பின்னர் பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கின.

தெற்கே தூத்துக்குடியில் கதை வேறு மாதிரி. அங்கேயும் கரையோரம் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நின்றன. ஆனால் முயல் தீவும் பாண்டியன் தீவும் மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளும் அலையைத் தடுத்ததால், இடையில் போய்வர மசூலா தேவைப்படவில்லை. தோணி போதுமானதாக இருந்தது. கரையிலேயே ஆசாரிமார் கட்டி, பெரும்பாலும் பரதவர் குடும்பங்கள் நடத்திய அந்த மரக்கலங்கள் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கின. அதோடு, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் மேற்குக் கரைக்கும் தாங்களே பாய் விரித்துப் போயின. சென்னையில் பாய்மரம் துறைமுகத்தின் விளிம்புக்கு ஒதுங்கிய காலத்தில், தூத்துக்குடியில் துறைமுகமே அதன் மேல் நின்றது. 1974-இல் ஆழமான புதிய துறைமுகம் தெற்கே தள்ளி வந்தபோது பெரிய கப்பல்கள் அங்கே போயின. பழைய துறைமுகம் தோணிகளுக்கு மிஞ்சியது. பெரியவர்கள் காலி செய்த இடம் சிறியவர்களுக்குக் கட்டுப்படியானதாக இருந்தது. பிறகு தோணிகளுக்கும் எஞ்சின் வந்தது, பாய் துணைக் கருவியானது. வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகள் இப்போதும் அந்தப் பழைய துறையில்தான் அணைகின்றன.

பேரணாம்பட்டின் தோலுக்கும் கப்பலுக்கும் இருந்த உறவு இதற்கிடையே பலமுறை மாறியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்குக் காலணி வேண்டியிருந்ததால், 1916 முதல் சென்னை மாகாணத்தின் பதமான மாட்டுத் தோலை அரசாங்கமே வாங்கியது. போருக்குப் பின் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்து ஆவாரம்பட்டையின் இடத்தை மெல்ல எடுத்துக்கொண்டது. அதாவது ஏற்றுமதிக்கு மட்டும் துறைமுகத்தை நம்பியிருந்த தொழில், மூலப்பொருளுக்கும் அதையே நம்பத் தொடங்கியது. 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஊரின் தோல் ஷாப்புகள் முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறின. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்த பின், தொழிற்சாலையிலேயே பூட்டிய பெட்டி நேராகக் கப்பலேறியது. பெரியமேட்டு மண்டியில் பொதியைப் பிரித்துப் பார்த்து வாங்கிய வணிகத்தின் பிடி தளர்ந்தது. 2019-இல் மாவட்டம் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போனபோது, பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே தங்கின. சரக்குப் போகும் வழியில் எந்த மாற்றமும் இல்லை.

கண்டெய்னர் வந்ததும் சிறு படகின் இடம் இன்னும் சுருங்கியது. ஒரு பெரிய கப்பல் அணையும் சுவர் ஒவ்வொரு மணி நேரமும் கட்டணம் ஈட்டும். பெரிய துறைமுகங்களில் அந்த வாடகை கப்பலின் மொத்தக் கொள்ளளவை வைத்து மணிக்கணக்கில் போடப்படுகிறது. அந்தக் கணக்கில் பத்தடிப் பாய்ப்படகு ஒரு செல்லாக் காசு. 2004-இல் உலகத் துறைமுகங்களுக்குப் புதுப் பாதுகாப்பு விதிகள் வந்தபின், உள்ளே போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஸ்பிரிங் ஒதுக்கிய மூலை நிலைத்திருக்கிறது. 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்ப்படகு ஓட்டியவர்களில் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகியோர் சென்னைக்காரர்கள்.

போட்டியில் ஓட்டும் சிறு பாய்ப்படகுகளுக்குச் செலவு குறைவதற்குக் காரணம், அவை தண்ணீரில் தங்குவதில்லை. சக்கர வண்டியில் ஏற்றிக் கரையில் வைத்துவிடலாம், வேண்டும்போது சரிவில் இறக்கலாம்; மசூலாக்காரர்கள் மணலில் செய்ததையே இங்கே சிமெண்ட் சரிவில் செய்கிறார்கள். அடியில் ஆழமான கனத்தட்டு உள்ள, உறங்கும் அறையோடு கூடிய கடலோடிப் படகுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஆண்டு முழுவதும் ஆழமான, அலையில்லாத, காவலுள்ள தண்ணீர் வேண்டும். சோழமண்டலக் கரையில் பொதுமக்களுக்குத் திறந்த அத்தகைய நிறுத்துமிடம் உருவாகவில்லை. மீன்பிடித் துறைமுகங்களில் இழுவைப்படகுகளே நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கடல் சுற்றும் பாய்ப்படகுகள் பெரும்பாலும் இலங்கையில் திருகோணமலைக்கோ காலிக்கோ போகின்றன, அல்லது கேரளத்தில் கொச்சிக்கு வருகின்றன. கொச்சியின் போல்காட்டித் தீவில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் மரினா, இந்தியாவில் அவற்றுக்கென்றே அமைந்த முதல் நிறுத்துமிடங்களில் ஒன்று. உப்பங்கழிகளின் அமைதியான நீர் அங்கே இயற்கையாகவே இருந்ததால், சென்னையில் கல்லைக் கொட்டிச் செய்ய வேண்டியிருந்த வேலை மிச்சமாயிற்று.